வண்டிச் சட்டம் யாரு போடறது? மசோதா, சட்டம், விதி, ஜி.ஓ. பத்தி ஒரு எளிய விளக்கம்

வாட்ஸப்ல ஒரு மெசேஜ் விட்டு விட்டு சுத்திக்கிட்டே இருக்கு. "நாளை முதல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமல், ஹெல்மெட் இல்லேன்னா இவ்வளவு, லைசென்ஸ் இல்லேன்னா இவ்வளவு, 15 வருஷ வண்டி பறிமுதல், அனைவருக்கும் பகிரவும்." காரைக்குடியில நான் ஆன்லைன் சென்டர் வச்சிருக்கேன். லைசென்ஸ் ரினீவல், ஆர்.சி. பேர் மாத்தறது, டாக்ஸ் கட்டறதுன்னு நாள் முழுக்க இதே பொழப்பு, அதனால அந்த மெசேஜ் வந்த மறுநாள் ஷட்டரைத் தூக்கறதுக்குள்ளயே போனை நீட்டிக்கிட்டு ஆள் நிக்கும்.

சிக்கல் என்னன்னா அந்த மெசேஜ் முழுப் பொய்யா இருக்கறதில்ல. அதுல ஒரு வரி டெல்லியில பார்லிமென்ட் போட்ட சட்டம், அடுத்த வரி சென்னையில இருந்து வந்த அரசாணை, அதுக்கடுத்தது டெல்லிக்கு மட்டும் கோர்ட் போட்ட உத்தரவு, கடைசி வரி இன்னும் வரைவாவே கிடக்கற விதி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு "சட்டம் வந்துருச்சு"ன்னு எழுதிட்டா படிக்கிறவனுக்கு என்ன தெரியும். அதைப் பிரிச்சுப் பாக்கத்தான் இந்தக் கட்டுரை. வக்கீலுங்க படிச்சா "இன்னும் இது இருக்கே, அது இருக்கே"ம்பாங்க, அதெல்லாம் வேணும்னே விட்டிருக்கேன்.

அதிகாரம் யாருக்கு?

நம்ம பக்கத்து நகரத்தார் வீட்டுல மகனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா அவங்களை வேறு வைக்கிற பழக்கம் உண்டு. வீட்டை விட்டு வெளிய அனுப்பறதில்ல. அதே முகப்பு, அதே வளவு (வீட்டு நடு முற்றம்), ஆனா அவங்களுக்குன்னு தனி அடுப்பு, தனிச் செலவு, கோயில் கணக்குல அவங்க தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், புள்ளி வரியும் தனி. தன் அடுப்புல என்ன வைக்கணும்ங்கறது அந்தப் புள்ளியோட இஷ்டம். மொத்த வீட்டுக்கும் ஓடு மாத்தறதுன்னா பெரியவங்கதான் முடிவு பண்ணணும். நடுவுல வளவு இருக்கே, அது எல்லாருக்கும் பொது, யாரும் புழங்கலாம், ஆனா ஒரே நாள்ல ரெண்டு பேரு விசேஷம் வைக்கிறேன்னு நின்னா பெரிய ஆச்சி சொல்றதுதான் நிக்கும்.

நம்ம அரசியலமைப்புச் சட்டத்துல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அது கிட்டத்தட்ட இப்படித்தான் அதிகாரத்தைப் பிரிச்சு வச்சிருக்கு. மத்தியப் பட்டியல்ல இருக்கறதுக்குப் பார்லிமென்ட் மட்டும் சட்டம் போடலாம், மாநிலப் பட்டியல்ல இருக்கறதுக்கு சட்டசபை போடலாம், பொதுப் பட்டியல்ல இருக்கறதுக்கு ரெண்டு பேரும் போடலாம், மோதினா பொதுவா பார்லிமென்ட் சட்டம்தான் ஜெயிக்கும்.

வண்டி விஷயம் இந்த மூணு பட்டியல்லயும் சிதறிக் கிடக்கு, குழப்பத்துக்கு வேரே அதுதான். மோட்டார் வாகனம்ங்கற விஷயம் பொதுப் பட்டியல்ல 35-வது. வண்டி மேல போடற வரி மாநிலப் பட்டியல்ல 57-வது. தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியல்ல 23-வது, மத்த ரோடு பாலமெல்லாம் மாநிலப் பட்டியல்ல 13-வது.

திருச்சிக்குப் போறவங்க லெம்பலாக்குடி டோல்கேட்டை எடுக்கச் சொல்லி எம்.எல்.ஏ.கிட்ட மனு குடுத்துட்டு "அவரு ஒண்ணுமே செய்யலப்பா"ன்னு திட்டறதைப் பாத்திருப்பீங்க. அது தேசிய நெடுஞ்சாலை. அவரு சபையில பேசலாம், மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதலாம், ஏன், சபையே தீர்மானம் கூட போடலாம். தீர்மானம்னா சபையோட கருத்து, அவ்வளவுதான், அது யாரையும் கட்டாது. சட்டசபை சட்டம் போட்டு அந்தக் கேட்டைத் தூக்க முடியாது. அதே நேரம் ஊருக்குள்ள இருக்கற மாநிலச் சாலையில பள்ளமா, அப்ப தாராளமா அவரைப் புடிச்சுக் கேளுங்க.

ஒரே அம்பாசடர், ரெண்டு சர்க்கார்

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கற வீடுகள்ல கார் ஷெட்டுல ஒரு அம்பாசடரோ பியட்டோ துணி போத்தி நிக்கும், வீட்டுக்காரங்க சென்னையிலயோ மலேசியாவுலயோ இருப்பாங்க, கோயில் விசேஷம்னா வந்து பேட்டரி மாத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாப்பாங்க. அந்த வண்டியை வச்சே மொத்தத்தையும் சொல்லிரலாம்.

அடிப்படைச் சட்டம் மோட்டார் வாகனச் சட்டம் 1988. பார்லிமென்ட் போட்டது, 1989 ஜூலை 1-ல அமலுக்கு வந்துச்சு. லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், பெர்மிட், இன்சூரன்ஸ், அபராதம் எல்லாத்துக்கும் தாய்ச் சட்டம் இதுதான். இதுல 41-வது பிரிவுப்படி சொந்த வண்டியோட ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் வண்டியைக் காட்டி அஞ்சஞ்சு வருஷமா ரினீவல் பண்ணிக்கலாம். அந்த ரினீவல் ஃபீஸ் எவ்வளவுங்கறது மத்திய விதியில இருக்கு.

ஆனா அதே கவுன்டர்ல, அதே நாள்ல, பசுமை வரின்னு இன்னொண்ணும் கட்டச் சொல்லுவாங்க. அது மத்திய அரசோடது இல்ல. தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் 1974-ன்னு நம்ம சட்டசபை போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, புது வண்டிக்குக் கட்டற லைஃப் டாக்ஸ், பழைய வண்டிக்குப் பசுமை வரி ரெண்டும் அதுக்குள்ள வருது. ஒரே வண்டி, ஒரே ஆபீஸ், ஆனா ரெண்டு சர்க்கார். கட்டிட்டு வர்றவரு "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல புடுங்கிட்டாங்க"ன்னுதான் சொல்லுவாரு, பாவம் அந்த கிளார்க்குக்கு இதுல ஒரு பைசா அதிகாரம் கிடையாது.

சரி, "15 வருஷ வண்டி பறிமுதல்"? டெல்லியில 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குப் போட்ட தடை தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் சுப்ரீம் கோர்ட்டும் அந்த வட்டாரத்துக் காத்து மாசுக்காகப் போட்ட உத்தரவுல இருந்து வந்தது. இன்னொண்ணு, அரசாங்கத்துக்குச் சொந்தமான 15 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1-ல இருந்து ரினீவல் கிடையாதுன்னு மத்திய விதி வந்துச்சு. இந்த ரெண்டையும் சேத்துக் கலக்கி அப்பச்சி விட்டுட்டுப்போன அம்பாசடரைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு கிளப்பிவிட்டாங்க. எப்.சி. பாஸ் ஆகி, ஃபீஸும் வரியும் கட்டினா காரைக்குடி ரோட்டுல அது ஓடும்.

பெங்களூர்ல வேலை பாக்கற புள்ளைங்க கே.ஏ. நம்பர் காரைக் கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போறதும் இதே கதைதான். 12 மாசத்துக்கு மேல இன்னொரு மாநிலத்துல வச்சிருந்தா நம்பர் மாத்தணும்ங்கறது மத்திய சட்டத்துல 47-வது பிரிவு, மாத்தும்போது கட்டற டாக்ஸ் தமிழ்நாட்டுச் சட்டம்.

இதுவரைக்கும் சுருக்கமா: வண்டி எப்படி இருக்கணும், யாரு ஓட்டலாம், தப்புக்கு என்ன தண்டனைங்கறது பெரும்பாலும் டெல்லி. வண்டிக்கு எவ்வளவு வரிங்கறது சென்னை.

சட்டசபைக்குள்ள என்ன நடக்குது?

இப்ப பேப்பர்ல "மோட்டார் வாகன மசோதா சட்டசபையில் தாக்கல்"னு வருது. மசோதான்னா சட்டமா ஆகணும்னு சபை முன்னாடி வைக்கிற எழுத்து, அவ்வளவுதான். அன்னிக்கு அதுக்கு ஒரு பவரும் கிடையாது.

2023-ல நடந்ததையே பாருங்க. வண்டி வரியை ஏத்தணும்னு அரசு முடிவு பண்ணுச்சு. அந்த 1974 சட்டத்துல வரி விகிதம் எழுதியிருக்கு, சட்டத்துல எழுதினதை மாத்தணும்னா சட்டத்தைத்தான் திருத்தணும், அமைச்சர் கையெழுத்துப் போட்டா மாறாது. அதனால துறையில வரைவு எழுதி, சட்டத்துறை பாத்து, அமைச்சரவை ஒத்துக்கிட்டு, அக்டோபர்ல திருத்த மசோதாவா சபைக்கு வந்துச்சு. அமைச்சர் அறிமுகம் பண்ணுவாரு, இது முதல் படி. அப்புறம் ஆய்வு, அதாவது உறுப்பினர்கள் பேசறது, திருத்தம் சொல்றது, ஒவ்வொரு பிரிவா எடுத்துக்கறது. கடைசியா நிறைவேற்றம். சபாநாயகர் கேக்கும்போது "ஆம்" சத்தம் கூடவா "இல்லை" சத்தம் கூடவான்னு பாக்கறதுதான் குரல் வாக்கெடுப்பு, யாராவது வலியுறுத்தினா எண்ணிப் பாப்பாங்க. மொத்தம் 234 பேர், வந்திருந்து ஓட்டுப் போடறவங்கள்ல பாதிக்கு மேல இருந்தா போதும். முன்னாடி நம்மகிட்ட மேல்சபையும் இருந்துச்சு, 1986-ல கலைச்சாச்சு, அதனால ரெண்டாவது சபைன்னு ஒரு நிறுத்தம் இங்க கிடையாது.

எனக்கு இதுல ஒரு மனக்குறை உண்டு, எந்தக் கட்சி ஆண்டாலும் சரி. கூட்டத்தொடரோட கடைசி நாள்கள்ல மசோதாக்களை வரிசையா வச்சு மளமளன்னு நிறைவேத்திருவாங்க. ஆய்வுங்கற நடுப்படிதான் நமக்கு உபயோகமானது, அதுதான் ரொம்பச் சுருங்கிப் போகுது. மறுநாள் பேப்பர்ல ஒரே பெட்டிச் செய்தியில பத்து மசோதா பேரு இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா.

சபை நிறைவேத்தினதும் கவர்னர்கிட்டப் போகும். அவரு ஒப்புதல் குடுக்கலாம், மறுபடி பாருங்கன்னு திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு ஒதுக்கி வைக்கலாம். திருப்பி அனுப்பினதை சபை மறுபடி நிறைவேத்தி அனுப்பினா ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டம் 200-வது பிரிவுல இருக்கு. வரி சம்பந்தப்பட்ட பண மசோதான்னா திருப்பி அனுப்பறதுக்கே வழி இல்ல. ஒப்புதல் ஆனதும் அரசிதழ்ல, அதாவது சர்க்காரோட அதிகாரபூர்வப் பத்திரிகையில அச்சாகும். எந்தத் தேதியில இருந்து செல்லும்னு அங்கதான் தெரியும். இந்த வரி ஏத்தம் 2023 நவம்பர் 9-ல இருந்து அமல் ஆச்சு.

விகிதத்தைப் பாருங்க. டூவீலருக்கு 8 சதவீதமா இருந்தது, ஒரு லட்சம் வரைக்கும் உள்ள வண்டிக்கு 10, அதுக்கு மேல 12. காருக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதுக்கும் மேல 20. தொண்ணூறாயிரம் ரூபா பைக்குன்னா முன்னாடி 7,200 கட்டினவன் இப்ப 9,000 கட்டணும். அக்டோபர்ல மசோதா, நவம்பர்ல அமல், நடுவுல கிடைச்ச சில வாரத்துல பேப்பர் படிச்சவங்க அவசர அவசரமா வண்டியை ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்கன்னா அவங்க புத்திசாலிங்க.

ஆக, செய்தியில "தாக்கல்", "நிறைவேற்றம்", "ஒப்புதல்", "அமல்" இந்த நாலுல எந்த வார்த்தை இருக்குன்னு பாருங்க. கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் உங்க பாக்கெட்டுல இருந்து ஒண்ணும் போகாது.

சென்னையும் டெல்லியும் மோதினா?

பொதுப் பட்டியல் விஷயத்துல மாநிலச் சட்டம் மத்திய சட்டத்துக்கு எதிரா இருந்தா மத்திய சட்டம்தான் செல்லும்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு விலக்கு இருக்கு, அரசியலமைப்புச் சட்டத்தோட 254-வது பிரிவுல. மாநில மசோதாவை ஜனாதிபதிக்கு அனுப்பி அவரு ஒப்புதல் குடுத்துட்டா அந்த மாநிலத்துக்குள்ள மட்டும் மாநிலச் சட்டமே நிக்கும்.

இது நமக்குப் புதுசு இல்ல. சிராவயல் மஞ்சுவிரட்டு இன்னிக்கு நடக்குதுன்னா இந்த வழியிலதான் நடக்குது. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியல் விஷயம், மத்திய சட்டம் இருந்துச்சு. 2017 ஜனவரியில மெரினா போராட்டம் நடந்தப்ப முதல்ல அவசரச் சட்டம் வந்துச்சு. சபை கூடாத நேரத்துல கவர்னர் மூலமாப் போடற தற்காலிகச் சட்டம்தான் அவசரச் சட்டம். ஜனவரி 23-ல சபை கூடி தமிழ்நாட்டுக்கான திருத்த மசோதாவை நிறைவேத்துச்சு, 31-ல ஜனாதிபதி ஒப்புதல் வந்துச்சு, 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிருச்சு.

வண்டிச் சட்டத்துக்கும் இதே கதவு திறந்துதான் இருக்கு. 1988 சட்டத்துல ஏதாவது ஒரு பிரிவை தமிழ்நாட்டுக்கு மட்டும் மாத்தணும்னா சபை மசோதா போட்டு ஜனாதிபதி வரைக்கும் போகணும். அதனால யாராவது மேடையில "நாங்க வந்தா ஹெல்மெட் சட்டத்தையே எடுத்துருவோம்"னா, எந்த வழியில எடுப்பீங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க.

சபைக்கே போகாம மாறுறது

இதுதான் பெரும்பாலானவங்களுக்குத் தெரியாத இடம். நம்ம தினசரி செலவைத் தொடுற மாற்றங்கள்ல பாதிக்கு மேல சட்டசபை ஓட்டுக்கே வர்றதில்ல.

சட்டம் எலும்புக்கூடு மாதிரி, "இதுக்கு ஃபீஸ் உண்டு, எவ்வளவுன்னு அரசு சொல்லும்"னு நிறுத்திக்கும். மிச்சத்தை நிரப்பறது விதி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் 1989 ரெண்டும் அப்படி வந்ததுதான். சட்டம் குடுத்த அதிகாரத்துக்குள்ள நின்னு அரசு போடற உத்தரவு அரசாணை, நம்ம ஜி.ஓ.ன்னு சொல்றது.

ஹெல்மெட் அபராதத்தையே எடுத்துக்கங்க. 2019-ல பார்லிமென்ட் 1988 சட்டத்தைத் திருத்தி அபராதத்தை எக்கச்சக்கமா ஏத்துச்சு, ஹெல்மெட்டுக்கு 1,000, லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000, குடிச்சுட்டு ஓட்டினா முதல் தடவை 10,000. செப்டம்பர் 1-ல இருந்து நாடு முழுக்க அமல். ஆனா நம்ம ஊருல அதுக்கப்புறமும் போலீஸ்காரங்க ஹெல்மெட்டுக்கு 100 ரூபா ரசீதுதான் கிழிச்சாங்க. ஏன்? கோர்ட்டுக்குப் போகாம ரோட்டுலயே கட்டித் தீர்த்துக்கற ஸ்பாட் ஃபைன் எவ்வளவுன்னு மாநில அரசு தனியா அறிவிக்கணும், 1988 சட்டத்தோட 200-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. தமிழ்நாடு அந்த அறிவிப்பை 2022 அக்டோபர்ல தான் வெளியிட்டுச்சு. அன்னிக்கு எல்லாரும் "ஸ்டாலின் சட்டம் போட்டுட்டாரு"ன்னாங்க, கொஞ்சப்பேரு "மோடி சட்டம்"னாங்க, ரெண்டும் பாதி பாதி சரி. குடிச்சுட்டு ஓட்டற கேசு இந்த ஸ்பாட் ஃபைன் லிஸ்ட்டுலயே கிடையாது, அதுக்குக் கோர்ட்டு வாசல்தான்.

பஸ் கட்டணமும் இப்படித்தான். 2018 ஜனவரி 20-ல கட்டணம் ஏறுனப்ப எந்த மசோதாவும் இல்ல, அரசாணைதான், போராட்டம் வந்ததும் கொஞ்சம் குறைச்சதும் அப்படியே. 2021 மே மாசம் சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லேன்னு ஆனதும் அரசாணை, மே 7-ல கையெழுத்து, 8-ல இருந்து அமல், அவ்வளவு வேகம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் ஆச்சிமார்களுக்குக் குடுக்கற அந்த பூஜ்யம் ரூபா டிக்கெட்டுக்குப் பின்னாடி புதுசா ஒரு சட்டமும் கிடையாது. ஆனா அந்த டிக்கெட்டுக்கான காசை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் குடுக்கணும்ல, அந்தப் பணத்துக்கு வருஷா வருஷம் பட்ஜெட்ல மானியக் கோரிக்கையா சபைகிட்ட ஓட்டு வாங்கித்தான் ஆகணும். சபையோட பிடி அங்க இருக்கு. (நம்ம காரைக்குடி மண்டலம் இப்ப கும்பகோணம் கோட்டத்துக்குக் கீழ, பெரியவங்க இன்னும் மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம்னுதான் சொல்லுவாங்க, அதெல்லாம் 1997-ல போன பேரு.)

சுருக்கமா இந்தப் பகுதி: சட்டத்துல எண்ணே எழுதியிருந்தா சபைக்கு வரணும், "அரசு தீர்மானிக்கும்"னு எழுதியிருந்தா அரசாணையே போதும்.

நாம எங்க நுழையலாம்?

எம்.எல்.ஏ. ஓட்டுப் போடறப்ப நம்மால கூட உக்கார முடியாது. ஆனா விதிக்கும் திட்டத்துக்கும் ஒரு நல்ல ஏற்பாடு 1988 சட்டத்துக்குள்ளயே இருக்கு. 212-வது பிரிவுப்படி விதியை முதல்ல வரைவா வெளியிட்டு கருத்து கேட்டுத்தான் இறுதி பண்ணணும், அப்புறம் மாநில விதின்னா சட்டசபை முன்னாடி வைக்கவும் வேணும். பஸ் ரூட்டு சம்பந்தமான திட்டம்னா 99, 100 பிரிவுகள், வரைவை அரசிதழ்லயும் ஒரு வட்டார மொழிப் பேப்பர்லயும் போடணும், ஆட்சேபம் இருக்கறவங்க 30 நாளுக்குள்ள எழுதலாம், அதைக் கேட்டுட்டுத்தான் அரசு முடிவு பண்ணணும்.

மினி பஸ் திட்டம் அப்படித்தான் வந்துச்சு. 1997-ல ஆரம்பிச்ச பழைய திட்டத்துக்குப் பதிலா 2024-ல புது வரைவு வந்துச்சு, 30 நாள் டைம் குடுத்தாங்க, 2025 ஜனவரியில இறுதி ஆச்சு, ஜூன்ல வண்டி ஓட ஆரம்பிச்சுச்சு. ரூட்டு 25 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது, அதுல பெரும்பங்கு பஸ்ஸே போகாத பாதையா இருக்கணும்ங்கறது அதோட சாரம். பஸ் முதலாளிங்க, தொழிற்சங்கம் எல்லாம் வரிஞ்சுகட்டிக்கிட்டு எழுதினாங்க. பஸ் இல்லாத ஊருக்காரங்கதான் எழுதியிருக்கணும், நான் கேட்ட வரைக்கும் நம்ம பக்கத்துல வரைவு வந்ததே பல பேருக்குத் தெரியல. மெயின் ரோட்டுல இறங்கி உள்ள மூணு கிலோமீட்டர் நடக்கற ஊரு எத்தனை இருக்கு இங்க.

எழுதறதும் பெரிய வித்தை இல்ல. "எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்"னு மொட்டையா எழுதினா அது கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி ஆயிரும். வரைவுல எந்தப் பத்தி, அதுல என்ன மாத்தணும், ஏன்னு ஊரு பேரு, தூரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு போட்டு ஒரு பக்கத்துல முடிங்க. யாருக்கு அனுப்பணும்னு வரைவுலயே இருக்கும், ஆர்.டி.ஓ., பெர்மிட், மினி பஸ் இதெல்லாம் சென்னையில உள்துறைக்குக் கீழ வருது, அரசு பஸ் கழகங்கள் மட்டும் போக்குவரத்துத் துறை, மாத்தி அனுப்பிட்டா சுத்தி வர்றதுக்குள்ள நாள் போயிரும். அந்த 30 நாள் கணக்கு அரசிதழ் தேதியில இருந்து ஓடும், உங்க குரூப்புல மெசேஜ் வந்த தேதியில இருந்து இல்ல.